செர்வால் மிலோனின் இடைவார்

குதிரைவீரர்களைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களில் ஒருவர்கூட அந்த வீரர்களின் உள்ளாடையைத் துவைத்தவர் இல்லை. நான் துவைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் எக்காள முழக்கமும் பளபளக்கும் வாளும் வரும் என்று உட்கார்ந்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

என் பெயர் ஒதெலின். பிரான்சின் ஷாம்பான் நாட்டுக்காரி. அரசர் சிலுவைப் போருக்குக் கப்பலேறியபோது படையோடு போக அனுமதி கிடைத்த பெண்கள் எங்களைப் போன்றவர்கள்தான். துணி துவைக்க வேண்டும், வீரர்களின் தலையில் பேன் பார்க்க வேண்டும். இப்போது எருசலேமுக்குப் போகிற வழியில் இருக்கும் அக்ரே துறைமுகத்தில் துறவிகள் நடத்தும் நோயாளி விடுதியில் அதே வேலையைத்தான் செய்கிறேன். அங்கே படுத்திருக்கும் ஒருவனுக்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அவனிடமிருந்து ஆரம்பித்தால் விளங்காது. அவன் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவின் பெயர் மிலோன். செர்வால் என்ற சின்ன ஊரின் குதிரைவீரர். பெரிய வீரர் என்று சொல்ல மாட்டேன். குட்டையான ஆள். சின்ன வயதிலிருந்து குதிரைமேல் உட்கார்ந்து கால் வளைந்து போயிருந்தது. அழுக்குத் துணியை என்னிடம் கொடுக்கும்போதுகூட மடித்துக் கொடுப்பார். மற்றவர்கள் என் முகத்தில் விட்டெறிவார்கள்.

அவர் இடுப்பில் சட்டைக்குள்ளே ஒரு தோல் இடைவார் இருந்தது. வாள் மாட்டுகிற வார், ஆனால் அதில் அவர் வாள் மாட்டியதில்லை. அது அவருடைய அப்பாவுடையது. அப்பா ஆள் பெரியவர் போலிருக்கிறது. இவர் இடுப்புக்கு நிற்க வேண்டும் என்று ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். அந்தத் துளை கோணலாக இருக்கும்.

அந்த வாரின் கதையை அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா, அரசர் முதல்முறை எகிப்துக்குப் படையெடுத்துப் போனபோது கூடப் போனவர். போகுமுன் ஊர்க் கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் நேர்ந்துகொண்டார். எருசலேமில் ஆண்டவரின் கல்லறைக் கோயிலில் இந்த வாரைத் தொங்கவிடுவேன், நான் முடிக்காவிட்டால் என் ரத்தம் முடிக்கும் என்று சத்தியம் செய்தார். பெருமைக்குச் சொன்ன வார்த்தை அது. எருசலேம் இருக்கும் திசையைக்கூட அவர் பார்க்கவில்லை. எகிப்தின் சேற்றில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். வார் மட்டும் யார் கையிலோ ஊர் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து அந்த நேர்த்திக்கடன் மகன் தலையில். எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். நிலம் மகனுக்கு வருகிற மாதிரி நேர்ச்சையும் வரும். ஒவ்வொரு ஈஸ்டர் அன்றும் கடனைத் தீர்க்காதவர்களின் பெயரைப் பாதிரியார் பீடத்திலிருந்து உரக்கச் சொல்வார். ‘செர்வால் மிலோன்’ என்று சொன்னதும் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அப்பா செத்தபோது இவர் சின்னப் பையன். ஒரு பையனை வருடா வருடம் அப்படி எழுப்பி நிற்க வைப்பதில் ஆண்டவருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வளர்ந்தார், எர்மின் என்ற பெண்ணைக் கட்டினார், ஒரு மகன் பிறந்தான். ரெனியே என்று பெயர் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் அவருக்கு உண்மையான பயம் பிடித்தது. தான் செத்தால் அடுத்த ஈஸ்டரில் அந்தப் பெயருக்குப் பதிலாக எந்தப் பெயர் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"என் பையன் குதிரையைப் பாத்தா அழுவான் ஒதெலின். தேனீ மட்டும் அவனை ஒண்ணும் செய்யாது. கூட்டுக்குள்ள கைய விட்டு எடுத்துட்டு வருவான். அவனைப் போய் எவன் இங்க அனுப்புவான்?" என்பார்.

அரசர் மறுபடியும் சிலுவைப் போருக்குக் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டதும் மிலோன் முதல் ஆளாகப் போய்த் தோளில் சிவப்புச் சிலுவையைத் தைத்துக்கொண்டார். அரசர்மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அரசர் கப்பலேறினால் அது எருசலேமுக்குத்தான் போகும், தான் வாரைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பையனோடு தேன் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

சர்தீனியாத் தீவில் கப்பல்கள் நங்கூரமிட்டபோது அந்தக் கணக்கில் மண் விழுந்தது. படை எருசலேம் பக்கம் போகவில்லை, ஆப்பிரிக்கக் கரையில் துனிஸுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். நான் கப்பல் ஓரத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். மிலோனும் அவருடைய மைத்துனர் கோஷேயும் பக்கத்தில் நின்றார்கள். கோஷே, எர்மினின் அண்ணன், அவரும் குதிரைவீரர்தான். ஆறடி ஆள், ஊருக்கே கேட்கிற வாய்.

"துனிஸா? அது எருசலேம் போற வழியா மாப்ளே?"

"வழிதான்னு சொல்றாங்க மச்சான்."

"எவன் சொன்னான்? செர்வால்ல இருந்து சந்தைக்குப் போகணும்னா நீ ஸ்பெயினைச் சுத்திட்டுப் போவியா?"

கோஷே குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் என்றால் எனக்கு நன்றாகக் கேட்கிற குரல்.

"அந்தா நிக்குது பாரு, ஜெனோவாக்காரன் சரக்குக் கப்பல். நேரா அக்ரே போகுது. பேசாம ஏறிடு. அங்க இருந்து எருசலேம் நடந்தே போயிடலாம். வாரைத் தொங்க விட்டுட்டு வா. நான் இங்க சமாளிச்சுக்கிறேன்."

"அரசரை விட்டுட்டா?"

"அரசருக்கு உன் பேரு தெரியுமா?"

"எனக்கு அவர் பேரு தெரியும்ல. கைய வச்சு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன் மச்சான். ஒரு சத்தியத்தைக் காப்பாத்த இன்னொண்ணை மிதிக்கச் சொல்றியா?"

ஜெனோவாக்காரன் அன்று மாலையே பாய் விரித்துப் போய்விட்டான். மிலோன் அந்தக் கப்பல் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளி ஏற்றிவிட வேண்டும் போலிருந்தது. துணி துவைக்கிறவள் சொல்லி எந்த வீரர் கேட்டிருக்கிறார்?

எங்கள் கப்பலில் லாம்பேர் என்ற பாதிரியார் இருந்தார். கடல் ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் வாளியைக் கட்டிக்கொண்டு இருப்பார். நல்ல மனிதர். மிலோன் அவரிடம் போய் உட்கார்ந்தார்.

"சாமி, அரசர் கூடப் போற இடத்துல செத்துட்டா எல்லாம் தீந்துடும்தானே?"

"உன் பாவம் எல்லாம் தீரும் மகனே. நேர்ச்சை தீராது. உங்கப்பா பொதுவா நேந்திருந்தா பரவாயில்ல. கல்லறைக் கோயில்னு பேரைச் சொல்லி நேந்துட்டாரு."

"மாத்து எதுவும் கிடையாதா?"

பாதிரியார் இரக்கப்பட்டார். இரக்கப்பட்டுச் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "போப்பாண்டவரோட தூதர் நினைச்சா மாத்திக் கொடுக்கலாம். அஞ்ஞானி ஒருத்தனை ஞானஸ்நானத்துக்குக் கூட்டிட்டு வந்தவனுக்கு அப்படி மாத்திக் கொடுத்ததா கேள்விப்பட்டிருக்கேன்."

அந்த ஒரு வார்த்தையை மிலோன் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

துனிஸுக்குப் பக்கத்தில் கார்தேஜின் பழைய கல் இடிபாடுகளுக்கு நடுவே கூடாரம் அடித்தோம். நல்ல கோடை. கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதிலும் புழு. அதையும் குடிக்க மட்டும்தான் கொடுத்தார்கள். துவைக்கக் கடல் தண்ணீர். காய்ந்த துணி அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். அதை உடுத்தி அதன்மேல் இரும்புச் சட்டையும் போட்டால் தொடையிடுக்கெல்லாம் புண். ‘துணி கடிக்குது’ என்று என்னைத் திட்டுவார்கள். கடல்தான் கடிக்கிறது, நானா கடிக்கிறேன்?

அரசரின் தம்பி தன் கப்பல்களோடு வந்து சேரும்வரை யாரும் கூடாரங்களைச் சுற்றி வெட்டிய அகழியைத் தாண்டிப் போய்ச் சண்டை போடக்கூடாது என்று கட்டளை. சரசேனியர்கள், துனிஸின் முஸ்லிம் வீரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், குதிரையில் வந்து அம்பு விட்டுவிட்டுப் போவார்கள். காற்று நம் பக்கம் அடிக்கும் நாளில் மேட்டில் நின்று மணலை வாரித் தூற்றுவார்கள். நாங்கள் உட்கார்ந்து மணலைத் தின்றோம். அப்புறம் வயிற்றுப்போக்கு வந்தது. அம்பில் செத்தவர்களைவிட அதில் செத்தவர்கள்தான் அதிகம். காலையில் என்னிடம் வருகிற துணியில் ரத்தம் இருந்தால் அந்த ஆளை நான் மனதுக்குள் கழித்துவிடுவேன்.

ஒருநாள் மிலோன் துணி கொண்டுவந்தார். வழக்கம்போல மடிப்பு.

"பீத்துணிக்கு மடிப்பு ஒரு கேடா ஐயா?" என்றேன்.

"பழகிடுச்சு." அங்கேயே நின்றார். "ஒதெலின், நீ தினம் பாக்கிறியே. என்னோடதுல இன்னும் ரத்தம் வரலியே?"

"வரல."

"வந்தா மறைக்காம சொல்லு. அதுக்குள்ள ஏதாவது பண்ணணும்."

அப்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சாவுக்குப் பயந்த கண் எனக்குத் தெரியும். இது வேறு. வீட்டில் பிள்ளை தூங்கும் அறையில் தீப்பிடித்திருக்கிறது, இவர் கடலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். அந்தக் கண்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. நடுப்பகல், பாதிப் பேர் சாப்பாட்டில் இருந்தார்கள். அகழிக்கு நடுவே ஆள் போய்வர விட்டிருந்த வழியில் மிலோன் தன் ஆட்களோடு காவல். நான் கொஞ்சம் தள்ளித் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மூன்று பேர் எதிர்ப்பக்கத்திலிருந்து கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஆயுதம் இல்லை. முன்னால் வந்தவன் நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினான், அதுவும் தப்பாக, வலமிருந்து இடமாக. பின்னால் வந்தவன் வயதானவன். ‘ஞானஸ்நானம்’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நம் பாஷையில் பாடமாக்கி வைத்திருந்தார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

மிலோன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒருவனுக்கு ஞானத்தகப்பனாக நிற்கப் போகிறவன் அவன் கையைப் பிடிக்குமுன் தன் வாளைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆயுதத்தோடு பிடித்த கை ஆண்டவருக்கு ஆகாது. மிலோன் வாளைக் கழற்றித் தரையில் வைத்தார். வந்தவர்கள் மிரளக்கூடாது என்று தன் ஆட்களின் ஈட்டிகளையும் கீழே போடச் சொன்னார்.

கோஷே ஓடிவந்தார். "மாப்ளே, அவன் கண்ணு உன் மேல இல்ல. உன் பின்னாடி எத்தனை பேர் இருக்கான்னு எண்ணிட்டிருக்கான்."

"அவன் கும்பிடுறான் மச்சான்."

"கும்பிடுறவன் ஏன்டா மண்டபத்தை அளக்கிறான்? ஈட்டிய எடுக்கச் சொல்லு."

"நீ ரெனியேவோட மாமன். இதைக் கெடுக்காதே." அவ்வளவுதான் சொன்னார். கோஷே வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் மூடி நான் கண்டது அது ஒருமுறைதான்.

மிலோன் பாதிரியாரைக் கூட்டிவரப் போனார். வெறுங்கையோடு, கிட்டத்தட்ட ஓட்டமாக. அவர் முதுகு திரும்பியதும் இடிந்த சுவருக்குப் பின்னாலிருந்து குதிரைகள் வந்தன. ஈட்டியைக் குனிந்து எடுப்பதற்குள் காவலுக்கு நின்றவர்கள் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். என் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். கோஷே மட்டும் ஒரு கூடாரக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வழியில் நின்று கத்தினார், கூட்டம் வரும்வரை நின்றார். அவருடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

வந்தவர்களில் இரண்டு பேர் குதிரையில் தொற்றிக்கொண்டு தப்பிவிட்டார்கள். மூன்றாமவன், அந்த வயதானவன், ஓடவில்லை. கையைத் தலைமேல் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான். நம் ஆட்கள் அவனை அப்படியே வெட்டினார்கள். அவனாவது நிஜமாக வந்தானா என்று யாரும் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தன் வீட்டு வாசலில் கூடாரம் அடித்தவனிடம் உண்மை பேச வேண்டும் என்று எந்த வேதத்தில் இருக்கிறது?

மிலோன் பாதிரியாரோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் அழவில்லை. செத்தவர்களை ஒவ்வொருவராக நேராகப் படுக்கவைத்து, சட்டையை இழுத்துவிட்டு, கையை மடித்து வைத்தார். தலைவர்கள் வந்து என்னென்னவோ திட்டினார்கள். அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

கோஷேயின் மணிக்கட்டில் காய்ச்சின தார் ஊற்றிக் கட்டினேன். மிலோன் அந்தப் பக்கம் வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றார் கோஷே. பல் கிட்டிப்போயிருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை. "இனிமே பகடையில ஏமாத்த முடியாது, அவ்ளோதான். உக்காரு மாப்ளே."

"அன்னைக்கே அந்தக் கப்பல்ல ஏறியிருக்கலாம் மச்சான்."

"ஏறியிருக்கலாம்."

அடுத்து வந்த துணியில் ரத்தம் இருந்தது. மறைக்காமல் சொல் என்று கேட்டிருந்தாரே, சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் எழுந்து நடக்கவில்லை.

அரசரும் அதே நோயில்தான் போனார். அவர் போன அன்றே அவர் தம்பியின் கப்பல்கள் எக்காளம் ஊதிக்கொண்டு கரைக்கு வந்தன. யாருக்கு எக்காளம் என்று கேட்க நாதியில்லை. கொஞ்ச நாளில் துனிஸின் மன்னரோடு சமாதானம் பேசி முடித்தார்கள். படை வீடு திரும்புகிறது, சிலுவைப் போர் முடிந்தது. எருசலேம் எங்கேயோ கிடந்தது. ஆங்கில இளவரசரின் கப்பல்கள் மட்டும் அக்ரேக்குப் போகப் போவதாகச் சொன்னார்கள்.

"என்னைத் தூக்கி அந்தக் கப்பல்ல போட்டுருங்க," என்று மிலோன் எல்லோரிடமும் கெஞ்சினார். உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். நடுக்கடலில் பிணம் தள்ள எந்த மாலுமி ஒத்துக்கொள்வான்? ஏற்ற மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் அவர் வார்த்தை குழற ஆரம்பித்தது. ‘ரெனியே’ என்பது மட்டும் தெளிவாக வந்தது.

பாதிரியார் லாம்பேரும் அப்போது அதே நோயில் இளைத்துத் துவண்டிருந்தார். கோஷே போய் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"சாமி, இவன் நேர்ச்சையை நான் எடுத்துக்கிறேன். பையன் தலைல விழக்கூடாது."

"சாகுறவன் தன் வாயால கொடுத்தா, இன்னொருத்தர் மனசார வாங்கிக்கலாம். அதுக்கு இடம் உண்டு," என்றார் பாதிரியார். "ஆனா நீ அக்ரே போயிட்டா ஊர்ல யார் போய்ச் சொல்றது? ஒரு குதிரைவீரன் வந்து பீடத்துக்கு முன்னால சாட்சி சொல்லாம உங்க ஊர்ப் பாதிரியார் அந்தப் பேரை விட மாட்டார். நானும் ஊர் போய்ச் சேர மாட்டேன், தெரியுதில்ல."

நான் மிலோனுக்கு அடித்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். ஏன் வாயைத் திறந்தேன் என்று கேட்டால், எனக்கு ஊரில் காத்திருக்க யாரும் இல்லை. புருஷனும் பிள்ளையும் என்றோ மண்ணுக்குள் போய்விட்டார்கள். பார்த்தே இராத ஒரு பையன், குதிரையைக் கண்டு அழுகிறவன், அவனைக் கோயிலில் எழுப்பி நிறுத்துவார்கள் என்று நினைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

"என்கிட்ட கொடுங்க. நான் கொண்டு போறேன்."

பாதிரியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது வீரனோட நேர்ச்சை."

"நேர்ச்சைக்கு மீசை இருக்கா சாமி? கொண்டு போய்த் தொங்கவிடணும், அவ்ளோதானே. எனக்குத் துணி தொங்கவிடத் தெரியும்."

கோஷே சிரித்துவிட்டார், சிரித்தபடியே அழுதார். பாதிரியார் கையசைத்துச் சரி என்றார். மிலோனைத் தூக்கி உட்காரவைத்தோம். இடுப்பிலிருந்து வாரை அவரே அவிழ்க்கப் பார்த்தார், விரல் வளையவில்லை. நான் அவிழ்த்தேன். இளைத்த உடம்புக்கு அந்தக் கோணல் துளைகூட இப்போது தளர்ந்து கிடந்தது.

"கொடுத்தேன்," என்றார். "என் ரத்தத்துக்கு இது இல்ல. இத்தோட முடிஞ்சது."

"வாங்கிக்கிட்டேன்," என்றேன்.

சாயங்காலம் உயிர் பிரிந்தது. அழுக்குத் துணியை மடித்துக் கொடுத்த அந்தக் கையை நானே கழுவி மடித்து வைத்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

கப்பல்கள் எல்லாம் முதலில் சிசிலிக்குப் போயின. திராபனித் துறைமுகத்துக்கு வெளியே புயல் பிடித்தது. எங்கள் கப்பல் உள்ளே தப்பி வந்துவிட்டது. ஊரில் சாட்சி சொல்லக் கோஷே ஏறிய கப்பல் துறைமுகச் சுவரிலிருந்து பார்க்கிற தூரத்தில் உடைந்தது. ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் நீந்த முடியும்? பாதிரியார் லாம்பேர் அதற்கு முன்னாலேயே துனிஸ் மண்ணில் படுத்துவிட்டார். ஆக, மிலோன் சொன்னதைக் கேட்ட மூன்று பேரில் மிஞ்சியது துணி துவைக்கிற நான் ஒருத்திதான்.

ஆங்கில இளவரசரின் கப்பலில் அக்ரே வந்ததிலிருந்து ஷாம்பான் பக்கம் போகிற கப்பல் ஒன்றையும் நான் விட்டதில்லை. யாத்திரிகர், வியாபாரி, துறவி என்று யாரைப் பார்த்தாலும் சொல்லி அனுப்பினேன். செர்வாலில் போய் மிலோனின் கடன் தீர்ந்தது என்று சொல்லுங்கள் என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சண்டை ஓய்ந்து வழி திறந்ததும் யாத்திரிகர்களோடு எருசலேமுக்கு நடந்தேன். கல்லறைக் கோயிலில் ஒரு விளக்குத் தண்டில் அந்த வாரை மாட்டினேன். நான் திரும்பி நடந்ததும் காவல்காரன் அதைக் கழற்றித் தன் கழுதைக்குக் கட்டியிருப்பான். அது என் கவலை இல்லை. தொங்கவிடுவேன் என்பதுதான் நேர்ச்சை, தொங்கவிட்டாயிற்று. அன்று அந்தப் படியில் உட்கார்ந்து, மிலோன் செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

பல வருடம் ஓடிவிட்டது. போன வாரம் ஒரு கப்பலிலிருந்து காய்ச்சல்காரர்களை விடுதிக்குத் தூக்கி வந்தார்கள். ஒரு இளைஞன் தன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். மடித்துக் கொடுத்தான்.

"எந்த ஊரு தம்பி?"

"செர்வால்."

"ரெனியேவா?"

அவன் மிரண்டுபோய்ப் பார்த்தான். வளைந்த கால் இல்லை, குதிரை ஏறாத கால். ஆனால் முகம் அதே முகம். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கப்பா உன்னை விடுவித்துவிட்டுத்தான் செத்தார், வாரைத் தொங்கவிட்டாயிற்று, உனக்கு ஒன்றுமில்லை, அடுத்த கப்பலில் வீட்டுக்குப் போ என்றேன்.

"ஒரு துறவி வந்து சொன்னாரும்மா," என்றான். "எங்க பாதிரியார் சிரிச்சாரு. துணி துவைக்கிறவ சாட்சியா, வீரன் எங்கேன்னு கேட்டாரு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஈஸ்டருக்கு ஈஸ்டர் என் பேரைத்தான் சொன்னாங்க. அம்மா கோயிலுக்குப் போறதையே விட்டுட்டாங்க. பழைய வார் எங்கன்னு தெரியல. அதனால புதுசா ஒண்ணு செஞ்சு, பீடத்துக்கு முன்னால நானே நேந்துக்கிட்டு வந்துட்டேன்."

சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான். புதுத் தோல், துளையெல்லாம் நேர்வரிசை.

"என்ன சொல்லி நேந்துக்கிட்ட?"

"தாத்தா சொன்ன அதே வார்த்தைதான். நான் முடிக்காட்டி என் ரத்தம் முடிக்கும்னு. அப்படித்தான் சொல்லணும்னு பாதிரியார் சொன்னாரு."

"உனக்குப் பிள்ளை இருக்கா?"

"இருக்கான். இப்பதான் தவழுறான். மிலோன்னு பேரு வச்சிருக்கோம்."

அவனை அறைந்துவிட்டேன். காய்ச்சல்காரன் என்றும் பார்க்கவில்லை. துறவிகள் ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஏன் அடித்தேன் என்று புரிந்தவன் போல அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காய்ச்சல் ஏறியது. இந்த முறை நான் ஏமாறப் போவதில்லை. விடுதிப் பாதிரியாரைக் கூட்டிவந்தேன். சாட்சிக்கு ஒரு வீரர் போதாது என்று இரண்டு பேரைக் காலில் விழாத குறையாக இழுத்து வந்தேன். இருவரும் ஷாம்பான் போகிறவர்கள், வெவ்வேறு கப்பலில் போகிறவர்கள். என் முழங்கால் இப்போது படியிறங்கவே மறுக்கிறது. ஆனாலும் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். புது வார் என் மடியில்தான் இருக்கிறது.

"அவன் தன் வாயால கொடுக்கணும்," என்கிறார் பாதிரியார். "நீ வாங்கினா மட்டும் போதாது."

அவன் நாக்கு வீங்கிக் கிடக்கிறது. கண் திறக்கிறான், என்னைப் பார்க்கிறான், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. வீரர்கள் இருவரும் கால் மாற்றி நிற்கிறார்கள். அவர்களுக்குக் கப்பலுக்கு நேரமாகிறது.

"கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா," என்று அவன் காதில் சொல்கிறேன். "இத்தோட முடிஞ்சதுன்னு சொல்லு. அப்புறம் தூங்கு."

ஈரத் துணியால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கிறேன்.